உருளை முத்திரையில் உள்ள தெய்வங்களை இனங்காண்பது எப்படி: திருகோணமலை வாசகருக்கு ஒரு வழிகாட்டி

இன்றைய ஈராக்கைப் பெரும்பாலும் உள்ளடக்கிய பண்டைய மெசப்பொத்தேமியாவின் உருளை முத்திரை என்பது பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு சென்ரிமீற்றர் வரை உயரமுள்ள, நடுவே நெடுக்காகத் துளையிடப்பட்ட ஒரு சிறு கல் உருளை. அதன் வெளிப்பக்கம் முழுவதும் உருவங்கள் குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். ஈரக் களிமண்ணின் மீது அதை அழுத்தி உருட்டினால், குழிந்திருந்தவை எல்லாம் மேடாக எழுந்து ஒரு நீண்ட காட்சிப் பட்டையாக விரியும். கி.மு. நாலாம் ஆயிரமாண்டின் நடுப்பகுதியில் உருக், சூசா ஆகிய நகரங்களில் தோன்றிய இந்த வழக்கம், ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுகள் தொடர்ந்தது. வணிகரும் எழுத்தரும் ஆளுநரும் அரசியரும் அதை நூலிலோ ஊசியிலோ கோத்து உடலில் அணிந்திருந்தனர். ஒவ்வொரு பபிலோனியனும் ஒரு முத்திரையும் ஒரு கைத்தடியும் வைத்திருந்தான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் எழுதியிருக்கிறார்.

இக்கற்களை நேரில் காண இலண்டனுக்கோ பாரிசுக்கோ பேர்லினுக்கோ போக வேண்டும் என்பது உண்மைதான். ஆயினும் பிரித்தானிய நூதனசாலை, லூவர் நூதனசாலை, நியூயோர்க்கில் உள்ள மோர்கன் நூலகம் முதலியவை தம்மிடமுள்ள முத்திரைகளின் படங்களை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருப்பதால், உட்துறைமுக வீதியில் ஒரு கைத்தொலைபேசியோடு அமர்ந்திருப்பவரும் அவற்றைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பார்ப்பது எளிது, படிப்பதற்குத்தான் ஒரு முறை வேண்டும். அந்த முறையின் சாரம் இதுதான்: கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் எழுதி முடிக்கும் வரை, எந்த உருவத்துக்கும் பெயர் சூட்டக்கூடாது.

இந்தக் கட்டுப்பாடு மற்ற எவரையும் விட நமக்குத்தான் கூடுதலாகத் தேவைப்படுகிறது. கோணேசர் கோயிலிலும் பத்திரகாளி அம்மன் கோயிலிலும் சுதைச் சிற்பங்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு, ஆயுதத்தையும் வாகனத்தையும் முடியையும் கொண்டு தெய்வத்தை இனங்காணும் பழக்கம் சிறு வயதிலேயே வந்துவிடுகிறது. முத்திரை படிப்பதற்கு அது அருமையான அடித்தளம், ஏனெனில் மெசப்பொத்தேமியச் சிற்பியும் முகத்தை வைத்துத் தெய்வத்தை வேறுபடுத்தவில்லை, கையில் உள்ளதையும் காலடியில் உள்ளதையும் தோளில் இருந்து எழுவதையும் வைத்தே வேறுபடுத்தினான். ஆனால் பழகிய கண் பழகிய பெயரையே தேடும். பழைய பபிலோனியக் காலத்து (கி.மு. 2000 முதல் 1600 வரை) முத்திரை ஒன்றில், முக்கவர் ஆயுதம் ஏந்திய ஒருவர் காளையின் மீது நிற்க, வானில் பிறை தெரிந்தால், நம்மில் பலர் அடுத்த நொடியே சிவபெருமான் என்று சொல்லிவிடுவோம். அந்த முக்கவர் உண்மையில் மின்னல். அதை ஏந்தியவர் இடிக்கும் மழைக்கும் உரிய அதாத், காளை அவருக்குரிய விலங்கு. பிறை அவருக்குரியதே அன்று. அது சின் என்ற சந்திரக் கடவுளின் சின்னம். நம் மரபில் ஒரே கடவுளிடம் சேர்ந்திருக்கும் மூன்று அடையாளங்கள், அங்கே இருவருக்குப் பிரிந்து கிடக்கின்றன.

இதே எச்சரிக்கைக்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. பிரெட்றிக் கோட்டையின் வாயிற்கல்லில் செதுக்கப்பட்டிருக்கும் இணைக்கயலைக் காண்போர் அது பாண்டியரின் சின்னம் என்று உடனே சொல்வர். அதையே அளவுகோலாகக் கொண்டு மெசப்பொத்தேமிய முத்திரையில் நீந்தும் மீன்களைப் பார்த்தால் வழி தவறிவிடும். அங்கே மீன் நன்னீரைக் குறிக்கிறது. யாருடைய தோளில் இருந்து அந்த நீர் பாய்கிறதோ, அவரே அந்நீரின் தலைவர்.

முதலில் ஒன்றை உருட்டிப் பார்த்தல்

படங்களுக்குப் போகும் முன், ஒரு முத்திரையைத் தாமே செய்து உருட்டிப் பார்ப்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். முக்கால் அங்குல பிவிசி குழாயில் இரண்டு அங்குலத் துண்டு ஒன்றை வெட்டி, அதன் ஒரு பக்கத்தை நீளவாட்டில் பிளந்து, உட்புறம் தேங்காய் எண்ணெய் தடவி, பிளவை ஒட்டுநாடாவால் மூடிக்கொள்ள வேண்டும். அதனுள் குளிர்பான உறிஞ்சுகுழாய் ஒன்றை நடுவே நிறுத்தி, ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் பிளாஸ்டர் ஒஃப் பாரிசைக் கரைத்து ஊற்றினால், சிறிது நேரத்தில் துளையுடன் கூடிய உருளை கிடைக்கும். அது முற்றாகக் காய்வதற்கு முன், தடித்த ஊசியாலும் சிறு ஆணியாலும் உருவங்களைக் குழிவாகச் செதுக்க வேண்டும். குயவரிடம் வாங்கிய பிசைந்த களிமண்ணைத் தட்டையாக்கி, அதன் மேல் சிறிது கோதுமை மாவைத் தூவி, உருளையைச் சீரான அழுத்தத்துடன் உருட்டினால் போதும்.

இப்படிச் செய்யும்போது மூன்று செய்திகள் கைக்கே புரியும். முதலாவது, இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறுகின்றன. கிராம சேவையாளரின் இறப்பர் முத்திரையைத் திருப்பிப் பார்த்தால் எழுத்துகள் எதிர்ப்பக்கம் நோக்குவதைப் போலவே, கல்லில் வலக்கையில் வாள் பிடித்திருப்பவர் களிமண்ணில் இடக்கையில் பிடித்திருப்பார். ஆகவே ஒரு முத்திரையைப் பற்றி எழுதும்போது, கல்லைச் சொல்கிறோமா பதிவைச் சொல்கிறோமா என்பதை முதல் வரியிலேயே தெளிவுபடுத்த வேண்டும். இங்கு நான் இடது, வலது என்று சொல்வதெல்லாம் பதிவை நோக்கியே. இரண்டாவது, காட்சிக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை. உருட்ட உருட்ட அது திரும்பத் திரும்ப வரும். மூன்றாவது, குழியின் ஆழமே உருவத்தின் உயரமாக மாறுகிறது. இதனால் கல்லைப் பார்க்கையில் வெறும் கீறலாகத் தெரிவது, பதிவில் ஒரு தோளின் திரட்சியாகவோ ஆடையின் மடிப்பாகவோ தெளிவு பெறும்.

பிளாஸ்டரைக் கீறுவதற்கே விரல் வலிக்கிறது என்றால், பண்டைய சிற்பியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். அவர்கள் சுண்ணக்கல், மாக்கல் போன்ற மென்மையான கற்களோடு நிற்கவில்லை. ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைகளில் இருந்து வந்த லாப்பிஸ் லசூலி என்ற நீலக்கல், சூதுபவளம், படிகம், பழைய பபிலோனியக் காலத்தில் பெரிதும் விரும்பப்பட்ட ஹெமடைட் என்ற கருமையான இரும்புத்தாதுக் கல் ஆகியவற்றிலும் செதுக்கினார்கள். செப்புக் கருவிகளையும் வில்லால் சுழற்றும் துறப்பணத்தையும் கடினமான மணற்பொடியையும் கொண்டு இதைச் செய்தார்கள். துறப்பணத்தின் வட்டக் குழிகளைச் சிற்பி மறைக்காமல் விட்டிருந்தால், கண்களும் மூட்டுகளும் விலங்கின் தொடைகளும் உருண்டைகளாகத் தெரியும். புதிய அசீரியக் காலத்து (கி.மு. 900 முதல் 600 வரை) முத்திரைகளில் இது மிகுதி.

காட்சியைப் பிரித்தல்

நூதனசாலையின் படப் பக்கத்தில் பொதுவாகக் கல்லின் ஒளிப்படமும், அதை இக்காலத்தில் உருட்டி எடுத்த பதிவின் ஒளிப்படமும் இருக்கும். பதிவையே திறந்துகொள்ள வேண்டும். அதில் ஒரு சுற்றுக்கும் மேலாக உருட்டப்பட்டிருப்பது வழக்கம் என்பதால், முதலில் எந்த உருவம் இரண்டு முறை வருகிறது என்று தேடி, காட்சி எங்கே மீள்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாதவர் நான்கு பேர் இருக்கும் இடத்தில் ஆறு பேரை எண்ணிவிடுவார். எழுத்துக் கட்டம் இருந்தால் அதையே எல்லையாகக் கொள்ளலாம்.

அடுத்து, தலைகளை மட்டும் பார்க்க வேண்டும். கொம்பு வைத்த முடி இருந்தால், அணிந்திருப்பவர் தெய்வம். இல்லையெனில் பெரும்பாலும் மனிதர். மெசப்பொத்தேமியப் படிமங்களில் இதைப் போல் உறுதியான விதி வேறில்லை. கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டின் நடுப்பகுதிக்குப் பின் இது நிலைபெற்றுவிட்டது. ஒற்றை இணைக் கொம்பு சிறு தெய்வங்களுக்கும், அடுக்கடுக்கான பல இணைகள் பெருந்தெய்வங்களுக்கும் உரியவை. தன்னைத் தெய்வமாக அறிவித்துக்கொண்ட அக்காதிய அரசன் நராம்-சின், தன் வெற்றித் தூணில் கொம்பு முடியுடன் நிற்பதும் இவ்விதியின்படியே. ஆனால் ஊர் (Ur) என்ற பெயருடைய சுமேரிய நகரின் மூன்றாம் அரச மரபைச் சேர்ந்த மன்னர்கள் தெய்வநிலை பெற்றவர்களாயினும், முத்திரைகளில் விளிம்பு தடித்த வட்டத் தொப்பியுடனேயே அமர்ந்திருப்பார்கள்.

தலைகளுக்குப் பின் கைகள். வாய்க்கு நேரே ஒரு கையை உயர்த்தியவர் வணங்குபவர். மார்போடு ஆட்டுக்குட்டி ஒன்றை அணைத்தவர் காணிக்கை கொண்டுவருபவர். இரு கைகளையும் முகத்தருகே உயர்த்தி, மடிப்பு மடிப்பான நீண்ட ஆடை அணிந்து நிற்பவள் லம்மா எனப்படும் பரிந்துரைக்கும் தேவதை; அடியவனுக்காகப் பெரிய தெய்வத்திடம் மன்றாடுவது அவள் வேலை. சில முத்திரைகளில் அவள் அடியவனின் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துச் செல்வாள். கடவுளை நேரடியாக அணுகாமல் ஒரு தேவதையின் துணையோடு அணுகுவது, கி.மு. 2100 அளவில் ஊர் நகர ஆட்சியில் உத்தியோகத்தர்களின் முத்திரைகளை எல்லாம் நிறைத்த காட்சி. சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரியானது என்றாலும், அந்த ஆட்சியின் அடுக்குமுறையை அதைவிடத் தெளிவாக எந்தக் கணக்கேடும் காட்டாது.

இவற்றுக்குப் பிறகே அடையாளங்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, அடிக்கடி வருபவை சிலவே. தோள்களில் இருந்து கதிர்கள் எழ, கையில் பல் வைத்த வாளேந்தி, மலைமேல் ஒரு காலை ஊன்றியவர் சூரியக் கடவுள் ஷமாஷ். சுமேரியர் அவரை உட்டு என்றனர். தோள்களில் இருந்து ஆயுதங்கள் எழ, சிங்கத்தின் மீது கால் வைத்தவள் இஷ்தார். சுமேரியருக்கு அவள் இனன்னா, எட்டு முனை விண்மீன் அவளுக்குரியது. தோள்களில் இருந்தோ கையில் உள்ள கலசத்தில் இருந்தோ நீரோடைகள் பாய, அவற்றில் மீன்கள் நீந்தினால் அவர் ஏயா, சுமேரியப் பெயர் என்கி. ஆட்டுத் தலையும் மீன் உடலும் கொண்ட விலங்கு அவருடையது. தோள்களில் இருந்து கொம்புள்ள பாம்புகள் எழுந்தால் பாதாளத் தெய்வம் நிங்கிஷ்சிதா. நாய் அமர்ந்திருந்தால் மருத்துவத் தெய்வமான குலாவை நினைக்கலாம், தேளைக் கண்டால் இஷ்காராவை. ஏழு புள்ளிகள் கொத்தாக இருந்தால் அவை கார்த்திகை மீன்களோடு சேர்த்து எண்ணப்பட்ட ஏழு தெய்வங்கள்.

காலம் செல்லச் செல்ல, தெய்வத்தின் உருவமே மறைந்து சின்னம் மட்டும் நிற்கத் தொடங்கியதையும் கவனிக்க வேண்டும். புதிய பபிலோனியக் காலத்து (கி.மு. 600 அளவு) முத்திரைகள் பலவற்றில், தாடியுள்ள ஓர் அடியவர் பீடம் ஒன்றின் முன் கை உயர்த்தி நிற்பார். பீடத்தின் மேல் ஒரு மண்வெட்டியும் ஓர் எழுத்தாணியும் நட்டிருக்கும். மண்வெட்டி பபிலோனின் தலைமைக் கடவுள் மர்துக், எழுத்தாணி அவர் மகனும் எழுத்தின் தெய்வமுமான நபு. சூலத்தையோ வேலையோ நட்டு வழிபடும் பழக்கத்தை அறிந்த நமக்கு இது விளங்குவதில் சிரமம் இராது. இந்த இடத்தில் நம் கண் உண்மையாகவே உதவுகிறது.

அத்தாவின் முத்திரை: ஒரு பயிற்சி

மேற்கண்ட முறையை ஒரே முத்திரையில் முழுமையாகச் செலுத்திப் பார்க்க, பிரித்தானிய நூதனசாலையில் 89115 என்ற எண்ணுடைய முத்திரையைவிடச் சிறந்தது இல்லை. கி.மு. 2300 அளவைச் சேர்ந்த அக்காதிய வேலைப்பாடு, பச்சைக் கல், 3.9 சென்ரிமீற்றர் உயரம். அதன் பதிவைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பின்வருவதைப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடது மேல்மூலையில் இரண்டு வரி எழுத்துக் கட்டம் இருப்பதால் காட்சியின் எல்லை உடனே தெரிகிறது. ஐந்து பெரிய உருவங்கள், ஐவர் தலையிலும் கொம்பு முடி. அதாவது, இங்கே மனிதரே இல்லை. வணங்குபவரும் இல்லை, அழைத்துச் செல்பவளும் இல்லை. தெய்வங்கள் தமக்குள் கூடியிருக்கும் ஒரு காட்சியை நாம் பார்க்கிறோம்.

நடுவே கீழ்ப்பகுதியில், செதில் செதிலாகச் செதுக்கப்பட்ட இரு மலைகளுக்கு இடையில் இருந்து ஒருவர் இடுப்பளவு மட்டும் வெளிப்பட்டிருக்கிறார். தோள்களில் கதிர்கள், கையில் பல் வைத்த வாள். மலையை அறுத்துக்கொண்டு எழுகிறார் என்றால், இது விடியற்பொழுது. அவருக்கு இடப்புறம் மலையின் மேல் நிற்பவள் இறக்கைகளுடன் நம்மை நேராக நோக்குகிறாள்; மற்றவர்கள் எல்லாரும் பக்கவாட்டில் திரும்பியிருக்க, அவள் ஒருத்தி மட்டுமே எதிர்நோக்கி நிற்பதைத் தவறவிடக் கூடாது. தோள்களில் இருந்து ஆயுதங்கள் கிளம்புகின்றன, கையில் பேரீச்சங்குலை. போரும் வளமும் ஒருத்தியிடமே என்பதை இரண்டு பொருள்களால் சிற்பி சொல்லிவிடுகிறான். வலப்புறம் நிற்பவரின் தோள்களில் இருந்து நீரோடைகள் இறங்குகின்றன, அவற்றில் மீன்கள். அவர் பின்னால் நிற்பவரின் தலையை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தால், முன்னும் பின்னும் நோக்கும் இரு முகங்கள் தெரியும். இடக்கோடியில் வில்லேந்திய ஒருவர், எழுத்துக் கட்டத்தின் கீழே ஒரு சிங்கம்.

இவ்வளவையும் எழுதிய பிறகு பெயர்கள் தாமாகவே வந்து அமர்கின்றன. எழுபவர் ஷமாஷ், இறக்கையுடையவள் இஷ்தார், நீருக்குரியவர் ஏயா, இருமுகத்தவர் ஏயாவின் அமைச்சர் உஸ்மு. வில்லேந்தியவரோ இன்று வரை உறுதியாக இனங்காணப்படவில்லை. வேட்டைக்குரிய ஒரு தெய்வம் என்று மட்டும் சொல்லி நிறுத்துவதே முறை. நால்வரைத் தெளிவாகச் சொல்லி ஐந்தாமவரை வெற்றிடமாக விடும் குறிப்பே நேர்மையான குறிப்பு என்பது என் கருத்து. ஐந்து பெயர்களையும் உறுதியாகத் தரும் காணொளிகளை நம்பாமல் இருப்பது நல்லது.

எழுத்துக் கட்டத்தில் இருப்பது எளிது: அத்தா, எழுத்தர். இந்தப் பெருந்தெய்வங்களின் கூட்டத்தைத் தன் கையெழுத்தாகப் பயன்படுத்தியவர் ஓர் எழுத்தர்.

எழுத்து என்ன சொல்கிறது, என்ன சொல்வதில்லை

ஆப்பு வடிவக் கீறல்களால் ஆன மெசப்பொத்தேமிய எழுத்தான ஆப்பெழுத்தைப் படிக்கத் தெரியாதவரும் ஒரு குறியை மட்டும் கற்றுக்கொள்ளலாம். விண்மீன் வடிவில் ஆப்புகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் குறி, அடுத்து வருவது தெய்வத்தின் பெயர் என்று அறிவிக்கிறது. முத்திரை எழுத்தின் வழக்கமான அமைப்பு இன்னார், இன்னாரின் மகன், இன்ன தொழில், இன்ன தெய்வத்தின் அல்லது அரசனின் அடியவன் என்பதே. இதில் ஒரு பொறி இருக்கிறது. அடியவன் என்ற சொல்லோடு வரும் தெய்வமே காட்சியில் உள்ள தெய்வம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய பபிலோனிய முத்திரைகளில் இரண்டும் பொருந்தாமல் இருப்பது சாதாரணம். பெயர் உரியவரின் பக்தியைச் சொல்கிறது. படம் பட்டறையின் வழக்கத்தைச் சொல்கிறது.

எழுத்தே அற்ற முத்திரைகளில் ஊகம் கட்டுக்கடங்காமல் போய்விடுவதற்கு மிகவும் பெயர் பெற்ற எடுத்துக்காட்டு, பிரித்தானிய நூதனசாலையின் 89326 ஆம் எண் முத்திரை. நடுவில் ஒரு மரம், இருபுறமும் அமர்ந்த இருவர், பின்னால் நெளியும் பாம்பு. 1876 இல் ஜோர்ஜ் ஸ்மித் என்ற அசீரியவியல் அறிஞர் இதை ஆதாம், ஏவாள் கதையோடு இணைத்தார். வெள்ள வரலாற்றை ஆப்பெழுத்துப் பலகையில் முதன்முதலாகக் கண்டவர் அவரே. அறிவிலும் உழைப்பிலும் குறைந்தவர் அல்லர். ஆனால் தலைகளை மட்டும் பார் என்ற விதியை இங்கே செலுத்தினால், ஒருவர் கொம்பு முடி அணிந்திருப்பது தெரிகிறது. அப்படியானால் அவர் தெய்வம், எதிரே இருப்பவர் வழிபடுபவர், இருவரும் ஆடை அணிந்திருக்கிறார்கள். கி.மு. 2200 முதல் 2100 வரையான காலத்துக்குரிய வழக்கமான விருந்துக் காட்சி வகை ஒன்றைத்தான் இது சேர்ந்தது.

இதே நிதானம் வீரர்கள் விலங்குகளோடு மல்லுக்கட்டும் காட்சிகளுக்கும் வேண்டும். சுருள் முடி தொங்கும் ஆடையற்ற வீரனை மெசப்பொத்தேமியக் காவிய நாயகன் கில்கமேஷ் என்றும், காளை உடலும் மனித முகமும் கொண்டவனை அவன் தோழன் எங்கிடு என்றும் பழைய நூல்கள் பல எழுதின. இன்று ஆய்வாளர்கள் முன்னவனை லஹ்மு, பின்னவனைக் குசரிக்கு என்ற காவல் உருவங்களாகவே கொள்கிறார்கள். முத்திரைகளில் ஐயமின்றி அறியப்பட்ட கதைக் காட்சி என்று சொல்ல முடிந்தது, கழுகின் மேல் ஏறி வானுக்குச் செல்லும் எதானா என்ற அரசனின் கதை; அக்காதிய முத்திரைகளில் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் நாய்களும் இடையர்களும் கூட அதில் வருவார்கள்.

தமிழ் வாசகரை மிகவும் ஈர்க்கும் முத்திரை ஒன்றைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். லூவரில் உள்ள அக்காதிய முத்திரை ஒன்றின் எழுத்து, அதன் உரிமையாளரான ஷு-இலிஷுவை மெலுஹா மொழியின் மொழிபெயர்ப்பாளர் என்கிறது. மெலுஹா என்பது சிந்துவெளி என்றே பெரும்பாலான அறிஞர்கள் கொள்கின்றனர். அம்மொழி எது என்பதை முத்திரை சொல்வதில்லை. அதைத் தமிழென்று முழங்கும் இணையப் பதிவுகள் முத்திரையில் இருந்து எதையும் படிக்கவில்லை, முத்திரைக்குள் எதையோ எழுதுகின்றன. சிந்துவெளித் தொடர்புக்கு வேறு வலுவான சான்று காட்சிகளிலேயே உண்டு. அக்காதிய மன்னன் சர்-கலி-சர்ரியின் எழுத்தரான இப்னி-சர்ரும் என்பவரின் முத்திரையில், மண்டியிட்ட இரு வீரர்கள் நீர் பொங்கும் கலசங்களை ஏந்தி இரு விலங்குகளுக்கு அருந்தக் கொடுக்கிறார்கள். கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்து எருமைகளைப் பார்த்துப் பழகிய எவரும், பின்னோக்கி வளைந்து வரிவரியாகத் தடித்திருக்கும் அந்தக் கொம்புகளைப் பார்த்ததும் இது பசுவோ காளையோ அல்ல, எருமை என்று சொல்லிவிடுவார். நீர் எருமை சிந்துவெளியில் இருந்து அக்காதிய அரசுக்கு வந்ததாகவே கருதப்படுகிறது. அந்த அரசு வீழ்ந்த பின் முத்திரைகளில் இருந்தும் அது மறைந்துவிடுகிறது.

களிமண்ணின் பின்பக்கம்

முத்திரையைக் கலைப்பொருளாக மட்டும் பார்த்தால் அதன் சமயப் பொருளும் குறைந்துவிடும். பொருளறையின் கதவை மூடி, கதவில் இருந்து வந்த கயிற்றைச் சுவரில் பதித்த முளையில் சுற்றி, முடிச்சின் மேல் களிமண்ணை அப்பி, உத்தியோகத்தர் தன் முத்திரையை அதில் உருட்டுவார். களிமண்ணை உடைக்காமல் உள்ளே போக முடியாது. அகழாய்வில் கிடைக்கும் இத்தகைய களிமண் துண்டுகளின் முன்பக்கத்தில் தெய்வங்களும், பின்பக்கத்தில் கயிற்றின் முறுக்கும் முளையின் வளைவும் பதிந்திருக்கும். ஜாடியின் வாய்த் துணியின் நெசவுகூடச் சிலவற்றில் தெரியும். அந்தப் பின்பக்கத்தைக் கொண்டே அது கதவில் இருந்ததா, ஜாடியில் இருந்ததா என்று ஆய்வாளர் தீர்மானிக்கிறார். தெய்வ உருவம் அந்த இடத்தில் அலங்காரமாக இருக்கவில்லை. உடைப்பவனைப் பார்த்துக்கொண்டிருக்கும் சாட்சியாக இருந்தது. முத்திரை தொலைந்துவிட்டால், இனி அதன் பதிவு செல்லாது என்று தெருக்களில் கொம்பூதி அறிவித்ததைச் சொல்லும் சுமேரியப் பத்திரமும் கிடைத்திருக்கிறது.

முத்திரை பெண்களுக்கும் உரியதாக இருந்தது. ஊர் நகரின் அரச கல்லறைகளை 1922 முதல் 1934 வரை நடந்த அகழாய்வில் லெனார்ட் வூலி வெளிக்கொணர்ந்தபோது, புவாபி என்ற அரசியின் நீலக்கல் முத்திரையும் கிடைத்தது. அதில் இரண்டு அடுக்குகளில் விருந்துக் காட்சி. கட்டத்தில் அவள் பெயரும் பட்டமும் மட்டுமே உள்ளன; இன்னாரின் மனைவி என்ற குறிப்பு இல்லை.

ஒரு முத்திரையைப் பற்றிய குறிப்பின் கடைசி வரி, அது எங்கே கிடைத்தது என்பதாக இருக்க வேண்டும். அகழ்ந்து எடுத்ததா, சந்தையில் வாங்கியதா என்பதைப் பொறுத்து அதன் மேல் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பது மாறும், ஏனெனில் போலிகள் நூறாண்டுக்கும் மேலாகச் செய்யப்பட்டு வருகின்றன. 2003 ஏப்ரலில் பக்தாத்தின் ஈராக் நூதனசாலை சூறையாடப்பட்டபோது ஆயிரக்கணக்கான உருளை முத்திரைகள் களவு போயின. சட்டைப் பையில் அடங்கும் பொருள் என்பதால் அவற்றை மீட்பது மிகவும் கடினம். அதே ஆண்டு மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை தன் 1483 ஆம் தீர்மானத்தால் ஈராக்கில் இருந்து சட்டவிரோதமாக அகற்றப்பட்ட பண்பாட்டுப் பொருள்களின் வணிகத்தைத் தடுக்குமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. இணைய ஏலத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது அனுப்பினால், அது போலியாக இருக்கலாம் அல்லது களவாக இருக்கலாம். இரண்டுமே வாங்கத்தக்கவை அல்ல.

அத்தாவின் முத்திரைக்குப் பின் எதைப் படிப்பது என்று கேட்பவருக்கு, இப்னி-சர்ருமின் முத்திரையையும், பிரித்தானிய நூதனசாலையில் 89126 என்ற எண்ணுடைய, ஊர்-நம்மு மன்னனின் ஆளுநர் ஹஷ்-ஹமெரின் முத்திரையையும் இந்த வரிசையிலேயே பரிந்துரைப்பேன். முன்னதில் எருமைகளும் நீரும் கண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பின்னதில் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் தேவதையையும், அவர்களுக்குப் பின்னால் கை உயர்த்தி நிற்பவளையும், மேலே தொங்கும் பிறையையும் தேடிப் பார்க்க வேண்டும். அமர்ந்திருப்பவர் தெய்வமா, அரசனா என்பதை வாசகர் தலையணியைக் கொண்டு தாமே தீர்மானித்த பிறகு நூதனசாலையின் விளக்கத்தைத் திறக்கலாம்.